விதையிலிருந்து அஸ்பாரகஸ்: கோலாலம்பூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் வீட்டுத் தொட்டியில் அஸ்பாரகஸ் வளருமா என்று கேட்டால், வளரும் என்பதே என் பதில். ஆனால் விதைப் பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் வளராது. அவை பனிக்காலம் உள்ள நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே குளிர் வந்ததும் செடியின் மேற்பகுதி காய்ந்துவிடும். வேர் மண்ணுக்குள் சில மாதங்கள் உறங்கிக் கிடந்து, வெயில் திரும்பியதும் நாம் சமைத்துச் சாப்பிடும் இளங்குருத்துகளை ஒரே மூச்சில் வெளியே தள்ளும். நம் ஊரில் அந்த உறக்கம் கிடையாது. செடி ஆண்டு முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், எப்போது நடுவது, எப்போது அறுப்பது, எதைக் கண்டு அஞ்சுவது என்ற எல்லாமே மாறிவிடுகின்றன. இதை அறியாமல் நான் இரண்டு முறை விதைத்து, இரண்டு முறையும் எல்லாச் செடிகளையும் இழந்தேன். மூன்றாம் முறை வைத்த ஆறு தொட்டிகள் இரண்டு ஆண்டுகளாகக் காய்த்தோட்டத்தின் ஓரத்தில் நின்று பலன் தருகின்றன. அந்த மூன்றாம் முறையில் செய்தவற்றை, செய்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் இரண்டு உண்மைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விதை போட்ட நாளிலிருந்து முதல் குருத்தை அறுக்க எனக்குப் பதின்மூன்று மாதங்கள் ஆயின. ஆறு தொட்டிகளுக்கு மொத்தம் 470 ரிங்கிட் செலவாயிற்று. அதன் கணக்கைப் பின்னால் தருகிறேன். சந்தையில் விற்கும் தாய்லாந்துக் கட்டுகளைவிட மலிவாகச் சாப்பிடலாம் என்பது உங்கள் நோக்கமானால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அறுத்த சில மணி நேரத்திலேயே அஸ்பாரகஸின் இனிப்புக் குறையத் தொடங்கிவிடும். காலையில் அறுத்து அன்றைய மதியமே சமைக்கும்போது கிடைக்கும் சுவை எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. நான் இதை வளர்ப்பது அதற்காகவே.

1. இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள்

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். என் முதல் முயற்சி செந்தூலில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நடந்தது. வெளிச்சம் நிறைய இருந்ததே தவிர, வெயில் காலையில் இரண்டரை மணி நேரம்தான் விழுந்தது. செடிகள் நூல்போல் நீண்டு, சாய்ந்து, ஐந்தாம் மாதத்தில் ஒவ்வொன்றாக மடிந்தன. வெளிச்சமும் வெயிலும் ஒன்றல்ல. ஆகவே விதை வாங்குவதற்கு முன், ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணி முதல் மணிக்கொருமுறை அந்த இடத்தைப் பார்த்து, வெயில் எப்போது வந்து எப்போது விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. 40 லிட்டர் தொட்டி ஒன்று ஈரமண்ணுடன் 40 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆறு தொட்டிகள் சேர்ந்தால் கால் டன். அடுக்குமாடியில் வசிப்பவர்கள் கட்டட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி கேட்பது நல்லது. பொது நடைபாதையிலோ கூரைத் தளத்திலோ வைக்க நினைத்தால் அனுமதி கட்டாயம் தேவை, ஏனெனில் அவை 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவான சொத்து. கடிதத்தில் தொட்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் எடை, தண்ணீர் எங்கே வடியும் என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். எனக்குப் பதில் வர மூன்று வாரங்கள் ஆயின. வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். இரண்டாம், மூன்றாம் முயற்சிகளைக் கெப்போங்கில் அம்மாவின் தரைவீட்டு முற்றத்தில் செய்ததால் எனக்கு இந்தக் கடிதப் போக்குவரத்து இல்லாமற்போயிற்று.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிச் சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிகள் முதலில் பார்ப்பது பூந்தொட்டித் தட்டுகளைத்தான். கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழக்கு நீதிமன்றம் போகாமலேயே 500 ரிங்கிட் வரை அபராதம் (காம்பவுண்ட்) விதிக்கப்படலாம். தட்டில் நிற்கும் நீர் செடியின் வேரையும் அழுகச் செய்யும் என்பதால், தொட்டிகளை இரண்டு செங்கற்களின்மேல் தூக்கி வைப்பதே சரியான வழி.

2. விதை வாங்கும்போது ஏமாறாதீர்கள்

இந்தக் கட்டத்தில்தான் பலர் தடம் மாறுகிறார்கள், ஏனெனில் அஸ்பாரகஸ் என்ற பெயரில் குறைந்தது நான்கு வெவ்வேறு செடிகளின் விதைகள் விற்கப்படுகின்றன. நாம் சாப்பிடும் வகையின் தாவரவியல் பெயர் அஸ்பாரகஸ் அஃபிசினாலிஸ். பொட்டலத்திலோ விற்பனைப் பக்கத்திலோ இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பூங்கொத்துகளில் செருகும் மெல்லிய இலைச் செடியும் அஸ்பாரகஸ் இனமே. அது அழகுக்கு மட்டுமே உதவும். நம் சித்த மருத்துவத்தில் தண்ணீர்விட்டான் கிழங்கு என்று வழங்கும் சதாவரி இதன் நெருங்கிய உறவு; அதன் பயன் வேரில் இருக்கிறது, தண்டில் முள் இருக்கும். நான்காவது, நாம் அன்றாடம் பொரியல் செய்யும் நீட்டுப் பயற்றங்காய். ஆங்கிலத்தில் அதற்கு அஸ்பாரகஸ் பீன் என்றும் ஒரு பெயர் உண்டு. மொழிபெயர்ப்பில் பின்பாதி விடுபட்டுப்போனால் நீங்கள் காச்சாங் பஞ்சாங் விதையை விலை கொடுத்து வாங்கியிருப்பீர்கள்.

கையில் வந்ததும் விதையைப் பாருங்கள். உண்மையான அஸ்பாரகஸ் விதை கறுப்பாக, கடினமாக, மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில், ஒரு பக்கம் உருண்டும் மறுபக்கம் சற்றே தட்டையாகவும் இருக்கும். சிறுநீரக வடிவில் பழுப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது பயறு.

வகைகளில் எளிதாகக் கிடைப்பது மேரி வாஷிங்டன். பழைய வகை, விலை குறைவு, முளைப்பும் நன்றாக இருக்கிறது. அதில் ஆண் செடியும் பெண் செடியும் ஏறத்தாழச் சரிபாதியாக வரும். கலிபோர்னியாவில் உருவாக்கப்பட்ட யூ.சி. 157 வெப்பமான பகுதிகளுக்குப் பொருந்துகிறது. கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஜெர்சி நைட், ஜெர்சி ஜயண்ட் போன்றவை ஆண் செடிகளை மட்டுமே தரும் கலப்பினங்கள். விலை அதிகம், போலிகளும் அதிகம். முதல் முயற்சிக்கு அவை தேவையில்லை.

உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்கும் விதைக்கு உங்கள் தரப்பில் எந்த ஆவணமும் வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வேறு கதை. மலேசியாவுக்குள் விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவைப்படும். நுழைவாயில்களில் அதிகாரிகள் அதைச் சோதிப்பார்கள். மாக்கிஸ் என்பது மலேசியாவின் தனிமைப்படுத்தல் மற்றும் சோதனைச் சேவைத் துறை. அனுமதியின்றிக் கொண்டுவந்தால், 2011ஆம் ஆண்டு மாக்கிஸ் சட்டத்தின் 11ஆம் பிரிவு 100,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் அன்போடு அஞ்சலில் அனுப்பிய விதைப் பொட்டலம் என் கைக்கு வந்து சேரவே இல்லை. இருபது விதைகளுக்காக அந்த வழியை நாடாதீர்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும் இதே சட்டத்தின் கீழ்தான் வரும்.

ஆறு செடி வேண்டுமென்றால் இருபது விதை போடுங்கள். சில முளைக்காது, சில நாற்றிலேயே மடியும், மிஞ்சுபவற்றில் வலுவானவற்றைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்க வேண்டும்.

3. எந்த மாதத்தில் தொடங்குவது

கோலாலம்பூரில் மழை உச்சத்தில் இருப்பது ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பரிலும். ஒப்பீட்டளவில் காய்ந்த மாதங்கள் ஜூன், ஜூலை. ஆகவே மார்ச் நடுவில் விதையுங்கள். ஏப்ரல், மே மழையின்போது நாற்றுகள் கூரைக்கடியில் பாதுகாப்பாக இருக்கும். ஜூன் கடைசியில் பெரிய தொட்டிக்கு மாற்றினால், அக்டோபர் மழைக்கு முன் மூன்று மாதம் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். நான் இரண்டாம் முறை ஆகஸ்டில் விதைத்து, நவம்பர் அடைமழையில் நாற்றுகளை வெளியே நட்டேன். அவற்றுள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

பினாங்கில் கணக்கு மாறும். அங்கே செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நன்றாகக் காயும். பட்டர்வொர்த், ஆயர் ஈத்தாம் பக்கம் இருப்பவர்கள் செப்டம்பரில் விதைத்து டிசம்பரில் மாற்றி நடுவது பொருத்தமாக இருக்கும்.

4. விதையை முளைக்க வைத்தல்

விதையின் தோல் கடினமானது என்பதால், அறை வெப்பநிலையில் உள்ள சுத்தமான நீரில் 24 மணி நேரம் ஊறவையுங்கள். இடையில் ஒரு முறை நீரை மாற்றுங்கள். வெந்நீர் வேண்டாம்.

பிறகு, அடியில் துளையுள்ள சிறிய நாற்றுப் பைகளில் தேங்காய் நார்த்தூளும் கறுப்பு மண்ணும் சரிபாதி கலந்து நிரப்பி, பைக்கு ஒரு விதையாக ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். எல்லா விதைகளையும் ஒரே தட்டில் விதைக்காதீர்கள். இதன் வேர்கள் சதைப்பற்றோடு நீளமாக ஓடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு பிரிக்கும்போது உடையும்.

முளைப்பதற்கு ஏற்ற வெப்பநிலை 24 முதல் 29 பாகை. குளிர்நாடுகளில் இதற்காகச் சூடேற்றும் விரிப்பு வாங்குகிறார்கள்; நமக்கு அந்தச் செலவு இல்லை. சமையலறைச் சன்னல் ஓரமே போதும். எனக்கு முதல் முளை பதினோராம் நாளும் கடைசி முளை இருபத்தாறாம் நாளும் வந்தன. பதினைந்து நாளில் எதுவும் தெரியவில்லை என்று மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டாம். மண் ஈரமாக இருக்கட்டும், சொதசொதவென்று இருக்கக்கூடாது.

முளை வெளிவரும்போது அது செடி போலவே தோன்றாது. இலையில்லாத, தையல் நூலைப்போல் மெல்லிய பச்சைத் தண்டு ஒன்று நிமிர்ந்து நிற்கும். முதல் முறை அம்மா அவற்றில் மூன்றைக் களை என்று நினைத்துப் பிடுங்கிவிட்டார். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

5. நாற்றுப் பருவம்: பன்னிரண்டு வாரம்

நூல்போன்ற முதல் தண்டு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயர்ந்து, ஊசி இலைகளை விரிக்கும். அதன் அடியிலிருந்து சற்றுத் தடித்த இரண்டாம் தண்டு, பிறகு மூன்றாம் தண்டு என்று வரிசையாக வரும். அடுத்து வரும் ஒவ்வொரு தண்டும் முந்தையதைவிடத் தடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணுக்குள் வேர் நலமாக வளர்கிறது என்பதற்கு வெளியே தெரியும் அடையாளம் அது ஒன்றுதான்.

முதல் மூன்று வாரம் காலை வெயில் மட்டும் படட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள். ஆறாம் வாரத்திலிருந்து, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 15:15:15 என்.பி.கே. உரத்தை, அதன் உறையில் சொன்ன அளவில் பாதியாக நீரில் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினால் போதும். தண்டின் அடிப்பாகம் கருத்து, மெலிந்து, சாய்ந்தால் அது நாற்றழுகல். அந்தப் பையை உடனே அகற்றிவிட்டு, மற்றவற்றுக்கு நீரைக் குறையுங்கள்.

6. மண்ணும் தொட்டியும்

ஒரு செடிக்கு ஒரு தொட்டி. அது குறைந்தது 40 லிட்டர் கொள்ளளவும் 45 சென்டிமீட்டர் ஆழமும் கொண்டதாக இருக்க வேண்டும். நான் துணிப் பைகளையே பயன்படுத்துகிறேன், ஏனெனில் நீர் எல்லாப் பக்கமும் வடிந்துவிடும். சுங்கை பூலோ சாலையோரச் செடிக்கடைகளில் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். மண் மூட்டைகளையும் அங்கேயே எடுத்தால் காரில் ஒரே நடையில் முடிந்துவிடும்.

அஸ்பாரகஸ் அமில மண்ணை விரும்பாது. மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5 முதல் 7 வரை இருக்க வேண்டும். நம் நாட்டுச் செம்மண் பெரும்பாலும் 4, 5 என்ற அளவில் அமிலத்தன்மை கொண்டது. முற்றத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் செடி மஞ்சளித்து நின்றுவிடும். என் கலவை இது: கறுப்பு மண் நான்கு பங்கு, கரடான ஆற்று மணல் இரண்டு பங்கு, உமிக்கரி இரண்டு பங்கு, நன்கு மக்கிய உரம் இரண்டு பங்கு. இதனோடு 10 லிட்டர் கலவைக்கு 20 முதல் 30 கிராம் வரை டோலமைட் சுண்ணாம்புத் தூள் சேர்த்து, நனைத்து, இரண்டு வாரம் மூடி வையுங்கள். அதன்பிறகு சோதனைப் பெட்டியால் அளந்து, 6.5க்குக் கீழே இருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் சேருங்கள். இந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் எடுக்காமல், நாற்று தயாரான பிறகு மண் கலப்பவர்கள் பலர். ஜூன் தொடக்கத்திலேயே கலவையைச் செய்து வைத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பையோ சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையோ டோலமைட்டுக்குப் பதிலாகப் போடாதீர்கள்; அவற்றின் காரம் வேரைச் சுட்டுவிடும். அஸ்பாரகஸ் உப்பைத் தாங்கும் என்பதால் பாத்தியில் உப்புத் தூவும் பழைய வழக்கம் ஒன்று மேலைநாடுகளில் உண்டு. அது களையை ஒழிக்க அவர்கள் செய்தது. தொட்டியில் உப்புப் போட்டால் மண் கெடும்.

7. மழை மறைப்பு: இதைத் தவிர்க்கவே முடியாது

உரத்தில் சிக்கனம் பிடியுங்கள், தொட்டியில் சிக்கனம் பிடியுங்கள், ஆனால் மழை மறைப்பு இல்லாமல் நடாதீர்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் இந்தச் செடியைக் கொல்லும் முதல் எதிரி தண்டுக் கருகல் நோய். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையால் வருவது. அதன் வித்துகள் பழைய தண்டுகளிலும் மண்ணிலும் தங்கியிருக்கும். மழைத்துளி விழுந்து மண் தெறிக்கும்போது அதனோடு சேர்ந்து இளந்தண்டில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தண்டின் அடிப்பகுதியில் நீள்வட்டப் பழுப்புப் புள்ளி ஒன்று தெரியும். பிறகு அதன் நடுவில் கறுப்பு ஊசிமுனைப் புள்ளிகள் தோன்றும். சில நாட்களில் அதற்கு மேலே உள்ள பாகம் முழுவதும் வைக்கோல் நிறத்தில் காய்ந்துவிடும். என் இரண்டாம் முயற்சியை அழித்தது இதுவே. அப்போது எனக்கு அது என்னவென்று தெரியாததால், காய்கிறதே என்று மேலிருந்து இன்னும் அதிகமாக நீர் தெளித்தேன். அதுவே நோயைப் பக்கத்துத் தொட்டிகளுக்கும் கொண்டுபோயிற்று.

மறைப்பு எளிமையானது. பி.வி.சி. குழாய்களால் இரண்டு மீட்டர் உயரச் சட்டம் கட்டி, மேலே தெளிவான, வெயில் தாங்கும் நெகிழித் தாளைச் சரிவாக விரித்துக் கட்டுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். மூடினால் உள்ளே புழுக்கம் ஏறி வேறு நோய்கள் வரும். கறுப்பு நிழல்வலை இதற்கு மாற்றாகாது. அது வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. காற்று மழைக்குத் தாங்கும்படி நான்கு கால்களையும் மணல் மூட்டையில் பதித்துக் கட்டுங்கள். குழாய், தாள், கயிறு எல்லாம் அருகிலுள்ள ஹார்ட்வேர் கடையில் 160 ரிங்கிட்டுக்கு எனக்குக் கிடைத்தன. கட்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

இதோடு மூன்று பழக்கங்கள் சேர வேண்டும். நீரைக் காலையில், மண்ணுக்கு மட்டும், தண்டு நனையாமல் ஊற்றுங்கள். மண்ணின் மேற்பரப்பில் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்பினால் தெறிப்பு குறையும். புள்ளி கண்ட தண்டை மண்மட்டத்தில் வெட்டி, நெகிழிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அதை மக்கு உரக் குழியில் சேர்க்கக் கூடாது, திறந்தவெளியில் எரிப்பதோ சட்டப்படி குற்றம். வெட்டிய கத்தியை அடுத்த செடிக்குப் போகும் முன் துடைத்து எரிசாராயத்தில் நனையுங்கள்.

8. பெரிய தொட்டியில் நடுதல்

வெளிநாட்டுக் குறிப்புகள் முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் பள்ளம் தோண்டச் சொல்லும். நம் மழையில் பள்ளம் குளமாகிவிடும். தரையில் நடுபவர்கள் பள்ளம் வெட்டாமல், முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப் பாத்தி கட்டி, செடிக்குச் செடி நாற்பது சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். தொட்டியில் நடுபவர்கள், விளிம்பிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் கீழே மண் இருக்கும்படி நிரப்பி, நாற்றின் மண் உடையாமல் பையைக் கிழித்து வைத்து, வேர்கள் கூடும் அடிக்கட்டைக்கு மேல் மூன்று சென்டிமீட்டர் மட்டும் மண் போடுங்கள். தண்டுகள் உயர உயர, இரண்டு மாதத்தில் மெல்ல மெல்ல இன்னும் ஐந்தாறு சென்டிமீட்டர் சேருங்கள். ஒரே நாளில் மூடினால் இளந்தண்டு அழுகும்.

நட்டபின் ஒரு வாரம் செடி எந்த அசைவும் காட்டாது. உரம் போடாதீர்கள். மாதம் ஒன்று கழிந்ததும், மாதத்துக்கு ஒரு பிடி கோழி எருக் குருணையும், ஒரு தேக்கரண்டி என்.பி.கே. உரமும் தொட்டி விளிம்பை ஒட்டிப் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள். மேல்மண்ணில் விரல்கணு ஆழம் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள்.

9. காத்திருக்கும் எட்டு மாதங்கள்

நட்ட மூன்றாம், நான்காம் மாதத்தில் பென்சில் பருமனில் ஒரு குருத்து தலைநீட்டும். கை பரபரக்கும். அறுக்காதீர்கள். அடுத்த ஆண்டுக்கான உணவு முழுவதையும் அந்தத் தண்டு விரித்த இலைதான் வேருக்குள் சேமிக்கிறது. விதைத்து ஓராண்டு நிறையும்வரை எல்லாத் தண்டுகளும் வளர்ந்து விரியட்டும். மூங்கில் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். சாயும் தண்டு மண்ணைத் தொட்டால் நோய் பிடிக்கும்.

இந்தக் காலத்தில் சிறு மணி போன்ற பூக்கள் வரும். பச்சைக் காய் தோன்றி, பின் சிவந்தால் அது பெண் செடி. அந்தப் பழங்கள் நஞ்சுள்ளவை. குழந்தைகள் தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். சிவக்கும் முன்பே கிள்ளி எறியுங்கள். செடியின் சத்தும் வீணாகாது. ஆண் செடி அதிகக் குருத்துகளைத் தரும். நாற்று மிச்சமிருந்தால், பெண் செடிகளில் நலிந்தவற்றை மட்டும் மாற்றலாம்.

மாவுப்பூச்சி தெரிந்தால் பஞ்சில் சோப்பு நீர் தொட்டுத் துடையுங்கள். நத்தைகளை இரவில் கைவிளக்கோடு தேடிப் பொறுக்கிவிடலாம். பூச்சி எனக்குப் பெரிய தொல்லையாக இருந்ததில்லை.

10. தாய்த்தண்டு முறையில் அறுவடை

குளிர்நாடுகளில் ஆறு எட்டு வாரம் வருகிற குருத்து எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, பிறகு வளரவிடுவார்கள். இங்கே அப்படிச் செய்தால், உறங்கிச் சேமித்த சத்து எதுவும் இல்லாத வேர் சில வாரங்களில் ஓய்ந்துவிடும். தைவானிலும் தாய்லாந்திலும் பின்பற்றுவது தாய்த்தண்டு முறை. ஒவ்வொரு செடியிலும் நலமான நான்கு தண்டுகளை விட்டுவிட்டு, மஞ்சளான, நலிந்த தண்டுகளை மண்மட்டத்தில் வெட்டுங்கள். அந்த நான்கும் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் நுனி கிள்ளப்பட்டு, வெயிலில் உணவு தயாரித்துக்கொண்டிருக்கும்; அவற்றுக்கிடையே புதிதாக வரும் குருத்துகளை நீங்கள் அறுக்கலாம். இரண்டு மாதம் அறுத்து, ஒரு மாதம் விட்டுவிடுங்கள். அந்த ஓய்வு மாதத்தில் வரும் புதுத் தண்டுகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, அவை முழுதாக விரிந்த பிறகு பழைய நான்கையும் வெட்டுங்கள். புதியவை விரியுமுன் பழையவற்றை வெட்டினால் செடிக்கு ஒரு வாய்ச் சோறும் இல்லை என்று பொருள்.

குருத்து இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில், நுனி இறுக மூடியிருக்கும்போது மண்மட்டத்தில் அறுங்கள். நம் வெப்பத்தில் அது மிக வேகமாக வளரும். நேற்று மாலை குட்டையாக இருந்தது நாளைக் காலை நுனி விரிந்து நாராகிவிடும். அறுவடை மாதங்களில் நாள்தோறும் காலையில் பார்க்க வேண்டும். ஊருக்குப் போவதாக இருந்தால் அந்த மாதத்தையே ஓய்வு மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரலைவிட மெலிந்த குருத்துகளே தொடர்ந்து வந்தால், செடி களைத்துவிட்டது. கணக்குப் பார்க்காமல் உடனே ஓய்வு கொடுங்கள்.

ஆறு தொட்டிகளிலிருந்து நல்ல வாரத்தில் எனக்கு ஒரு கைப்பிடிக் கட்டு கிடைக்கிறது. உடனே சமைக்க முடியாவிட்டால், ஒரு குவளையில் இரண்டு விரல் உயரம் நீர் விட்டு நிமிர்த்தி வைத்து, நெகிழிப் பையால் தளர்வாக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அம்மா இதைக் கடுகு தாளித்து, தேங்காய்ப்பூ தூவி, இரண்டே நிமிடம் வதக்கி இறக்குவார். அதற்கு மேல் அடுப்பில் வைத்தால் குழைந்துவிடும்.

11. செலவுக் கணக்கு

ஆறு தொட்டிகளுக்கு நான் கொடுத்த விலை: விதை 12 ரிங்கிட், நாற்றுப் பையும் நாற்று மண்ணும் 15, பெரிய தொட்டிகளுக்கான மண் கலவை 130, துணிப் பைகள் 90, டோலமைட் 5, பி.எச். சோதனைப் பெட்டி 25, உரங்கள் 20, மூங்கிலும் கயிறும் 13, மழை மறைப்பு 160. மொத்தம் 470. இதில் குறைக்கக்கூடியது துணிப் பை ஒன்றுதான்; 40 லிட்டருக்குக் குறையாத பழைய எண்ணெய்த் தகரமோ வண்ண வாளியோ இருந்தால், உட்புறம் நன்கு கழுவி, அடியில் விரல் பருமனில் எட்டுத் துளை போட்டுப் பயன்படுத்தலாம். முதல் ஆண்டுக்குப் பிறகு உரத்துக்கும் மறைப்புத் தாள் மாற்றுவதற்கும் ஆண்டுக்கு 60 ரிங்கிட் அளவில் ஆகிறது. தாள் பழுப்பேறினால் மாற்றிவிடுங்கள். மங்கிய தாளின் கீழ் குருத்து மெலிகிறது.

ஏதேனும் ஒரு செடி இறந்துவிட்டால், அதே மண்ணில் புது நாற்றை வைக்காதீர்கள். அஸ்பாரகஸ் வேர் மண்ணில் விட்டுச்செல்லும் பொருள்கள் அதே இனத்தின் புது நாற்றை வளரவிடாது. பூஞ்சையும் அங்கே தங்கியிருக்கும். அந்த மண்ணைக் கொட்டி வேறு செடிகளுக்குப் பயன்படுத்துங்கள். என் பழைய தொட்டி மண்ணில் இப்போது வெண்டை நன்றாகக் காய்க்கிறது.